ஒரு வாளுக்கு ஒரு வயது இல்லை

பழைய வாள்களைப் படிக்கத் தொடங்கும் இளையவர்களுக்கு

பட்டாபிராம், ஆவடி வட்டாரத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் பட்டாளத்தில் இருந்தவர், டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், படைக்கலக் கிடங்கில் கணக்கு எழுதியவர் என்று ஒருவராவது இருப்பார். அதனாலோ என்னவோ, பீரோ மேலும் பரணிலும் பழைய துணி சுற்றிய வாள்கள் இங்கே அடிக்கடி கண்ணில் படுகின்றன. பர்மாவிலிருந்து வந்த தாத்தா கொண்டுவந்தது, காரைக்குடியில் வாங்கியது, எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் அப்பா பேரம் பேசி எடுத்தது. பிள்ளைகள் அதை போனில் படம் எடுத்து வந்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: இது எந்த ஊர், எத்தனை வருஷம்?

எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள் என்பதுதான் என் முதல் வார்த்தை. மற்றவை கீழே.

1. தேய்க்காதீர்கள். வாள் கைக்கு வந்த அன்றே உப்புத்தாளும் புளியும் செங்கல் பொடியும் எடுத்துப் பளபளப்பாக்குவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய அழிவு. புளியின் அமிலம் எஃகைத் தின்னும். செங்கல் பொடி, ஆணியால் கீறியதுபோல மெல்லிதாக வெட்டிய எழுத்துகளை ஒரே மாலையில் அழித்துவிடும். பழைய வாளின் மேல் படிந்திருக்கும் அடர்பழுப்பு, தேய்த்தால் கையில் ஒட்டாது. அது காலத்தின் கையெழுத்து. கையில் ஒட்டுகிற செம்மஞ்சள் துருதான் நோய். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பருத்தி வேட்டித் துணி, பொறுமை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகி ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாளே துடைத்துவிடுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடவும் வேண்டாம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் உறைக்குள்தான் வாள் சாகும்.

2. ஒரு வாளைப் பார்க்கும்போது மூன்று பொருள்களைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: அலகு, பிடி, உறை. மூன்றும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே கையில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நல்ல அலகு விலை உயர்ந்தது. பிடி உடைந்தால் மாற்றுவார்கள். எசமானர் மாறினால் மாற்றுவார்கள். ஃபேஷன் மாறினாலும் மாற்றுவார்கள். உறையின் மரமும் தோலும் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்குவது அரிது.

இதை எழும்பூர் அருங்காட்சியகத்துத் தஞ்சாவூர்க் கட்டாரிகளிடம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழகத்தில் செய்த ஆயுதங்களில் அவற்றைவிட அழகானவற்றை நான் பார்த்ததில்லை. கையைப் பொத்தினாற்போல் முன்னால் வளைந்து எழும் இரும்புக் காப்பு. அதன் ஓரத்தில் ஊசித்துளை வேலை. நுனியில் யாளித் தலை அல்லது விரிந்த இலை. உள்ளே கை பிடிப்பதற்கு இரண்டு குறுக்குக் கம்பிகள். இவையெல்லாம் தஞ்சை நாயக்கர் காலத்துக் கொல்லரின் உளி வேலை. இப்போது கண்ணைக் கீழே இறக்குங்கள். பிடியின் அடியிலிருந்து நாக்குப்போல் நீளும் இரும்புத் தகடுகள் ஓர் அலகைக் கவ்விப் பிடித்திருக்கும். தகட்டையும் அலகையும் தைத்து ஆணிகள். அந்த அலகு ஒல்லியாக, இருபுறம் கூராக, நடுவே நீளவாக்கில் குறுகிய பள்ளங்கள் ஓட இருந்தால், அது பெரும்பாலும் ஐரோப்பாவில் அடித்த நீள வாளின் துண்டு. கடல் கடந்து வந்த வாளை வெட்டியோ, ஒடிந்ததை எடுத்தோ கட்டாரிக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இந்தக் கட்டாரி எந்த ஊர்? ஜெர்மனியா, தஞ்சாவூரா? இரண்டும்தான். கேள்வியை இரண்டாக உடைத்தால்தான் விடை கிடைக்கும்.

அந்தக் கட்டாரிகள் நம் கைக்கு மிஞ்சியதே அதிர்ஷ்டம். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை அரசை முடித்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டபோது பெருமளவு ஆயுதம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் காட்சியில் இருக்கும் தஞ்சைக் கட்டாரிகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

3. அலகில் வெட்டியிருக்கும் அயல் எழுத்தைப் படித்ததும் துள்ளாதீர்கள். ஓடும் ஓநாய், அரைவட்ட அரிவாள் போன்ற இரட்டைக் கோடு, ‘ஆந்திரியா ஃபெராரா’ என்ற பெயர் ஆகியவை 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலகுகளில் புகழ்பெற்ற முத்திரைகள். ஃபெராரா வடஇத்தாலியக் கொல்லர். அவர் இறந்து வெகுகாலம் கழித்தும் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் அந்தப் பெயரைத் தம் அலகில் வெட்டின. வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் கேட்டார்கள். அரிவாள் கோட்டை ஜெனோவாக்காரர் போட்டார்கள், ஸ்டைரியாக்காரர் போட்டார்கள், காகசஸில் போட்டார்கள், நம் நாட்டிலும் போட்டார்கள். ஆகவே முத்திரை சொல்வது, ‘இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது’ என்ற ஓர் எல்லையை மட்டும்தான். எழுத்துகள் கோணல்மாணலாக, சில தலைகீழாக இருந்தால், அந்த மொழி தெரியாத கை அதை வெட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அதனால் அந்த வாள் மட்டமாகிவிடாது. நம்மூர்க் கொல்லர் அயல் அலகுக்கு இணையாக அடித்ததற்கு அது சாட்சியாகவும் இருக்கலாம்.

நம் மாவட்டத்திலேயே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1600-களின் தொடக்கத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரையும் ஆண்டும் பொறித்த 18ஆம் நூற்றாண்டு அலகுகள் இலங்கையில் சிங்கத்தலைப் பிடியோடு கஸ்தானை வாளாக மாறியிருக்கின்றன. சோழமண்டலக் கரையில் ஒரு ஐரோப்பிய அலகைப் பார்த்தால் வியக்க வேண்டியதில்லை.

4. பிரிட்டிஷ் காலத்து வாள் என்றால் வேலை எளிது. கிரீடத்துக்குக் கீழே விக்டோரியாவின் எழுத்து இருந்தால் 1837 முதல் 1901 வரை. ஏழாம் எட்வர்டு 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. வில்கின்சன் கம்பெனி தன் அதிகாரி வாள்களில் 1854 முதல் அலகின் முதுகில் வரிசை எண் அடித்தது. அந்த எண்ணைக் கொண்டு ஆண்டைப் பிடிக்கலாம். அம்புக்குறியோடு ‘ஐ’ அல்லது ‘ஐ.எஸ்.டி.’ என்றிருந்தால் இந்தியப் படைக்காக வாங்கியது. அசோகச் சிங்கம் இருந்தால் 1950-க்குப் பிறகு. பட்டாபிராமில் ‘ராஜா காலத்து வாள்’ என்று என்னிடம் வருபவற்றில் பாதி இந்த வகை அணிவகுப்பு வாள்தான். அதற்காக முகம் வாட வேண்டாம். ஒரு சுபேதாரின் முப்பது வருட உழைப்பு அதில் இருக்கிறது. அவர் பெயரையும் ரெஜிமெண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

5. எஃகைப் பார்க்கப் பழகுங்கள். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் நில்லுங்கள். அலகைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, முதுகிலிருந்து கூர்வாய் வரை ஒளி வழுக்கிச் செல்லும்படி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நம் உருக்கு எஃகில் அடித்த அலகாக இருந்து, மேற்பரப்பை யாரும் சாணை பிடித்துக் கெடுக்காமலும் இருந்தால், சாம்பல் நிறத் தரையில் வெள்ளிக் கோடுகள் மிக நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னியும் விலகியும் ஓடுவது தெரியும். வலுவான லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு கோடாக இருக்காது. பொடிப்பொடி வெண்புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். கரி மிகுந்த கடினமான துகள்கள் அவை. எஃகில் கரி ஒரு சதவீதத்தைத் தாண்டி, ஒன்றரை வரைகூட இருக்கும். மண்குகைக்குள், அதாவது எஃகை உருக்கும் களிமண் கலத்துக்குள், மெதுவாக ஆறி உறையும்போது அதற்கான விதை விழுகிறது. பிறகு கொல்லன் அதிகச் சூடு காட்டாமல் திரும்பத் திரும்ப அடிக்கும்போது அவை வரிசைக்கு வருகின்றன. தாதுவிலிருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு இருந்தாலே இந்த வரிசை உண்டாகிறது என்று 1990-களில் அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து காட்டினார்கள். சூடு கொஞ்சம் மிஞ்சினால் துகள்கள் கரைந்து கோலம் அழிந்துவிடும். தெர்மோகப்பிள் இல்லாமல், எரியும் இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்து அந்த எல்லைக்குள் நின்ற கொல்லர்களை நினைத்தால், உலைமுன் காலம் கழித்த எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

இந்த எஃகின் சொந்த ஊர்களில் நம்முடையதும் உண்டு. கொடுமணலில் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் குகைச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. சேலத்துக் கஞ்சமலைத் தாது உலகமறிந்தது. குகைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடியதைப் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் நேரே வந்து எஃகுக் கட்டிகளை வாங்கிப் போனார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் போவதற்கு முன் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த எஃகோடுதான்.

ஆனால் இதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எஃகு இங்கே விளைந்தது என்பதால் வாள் இங்கே அடிக்கப்பட்டது என்று ஆகாது. கட்டி ஈரானுக்குப் போய் அங்கே வாளாகி, குதிரை வணிகரோடு மீண்டும் தக்காணத்துக்கு வந்திருக்கலாம்.

6. கண்ணைப் பறிக்கும் கோலம் என்றால் சந்தேகப்படுங்கள். இன்று ‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் கத்திகளில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, கண்ணாடி போடாதவருக்கும் தெரியும்படி இருக்கும். இரண்டு வகை எஃகுப் பட்டைகளை அடுக்கி, சூட்டில் ஒட்டி, முறுக்கி அடித்தது அது. அதுவும் கைவேலைதான், பழைய உருக்கு எஃகு இல்லை. இன்னும் மட்டமானது, சாதாரண அலகின் மேல் அமிலத்தால் கோலம் அரித்தது. அலகின் பள்ளத்துக்குள்ளும் முதுகின் மேலும் கோலம் தொடர்கிறதா என்று பாருங்கள். உண்மையான கோலம் எஃகின் உடம்பிலேயே இருப்பது. அது மேட்டிலும் பள்ளத்திலும் வடிவம் மாறி ஓடும். அச்சடித்த கோலம் விளிம்பில் நின்றுவிடும். சோதிக்கிறேன் என்று நீங்களே அன்னபேதியோ ஃபெரிக் குளோரைடோ தடவ வேண்டாம்.

7. அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. பழைய இரும்பு வியாபாரிகளிடம்கூடத் துப்பாக்கி மாதிரியான, உலோகத்தில் என்னென்ன தனிமம் என்று காட்டும் பி.எம்.ஐ. கருவி இருக்கிறது. வாளுக்குக் காயமில்லாமல் ஒரு கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லும்: மாங்கனீஸ் எவ்வளவு? 1856-இல் பெஸ்ஸெமர் முறை வந்து, எஃகில் மாங்கனீஸ் சேர்ப்பது வழக்கமான பிறகு, ஆலை எஃகில் அது தவறாமல் இருக்கிறது. பழைய குகை எஃகிலும் நாட்டு உலை இரும்பிலும் பொதுவாக மிகமிகக் குறைவு. முக்கால் சதவீதம் மாங்கனீஸ் காட்டினால், விற்கிறவர் எந்த மன்னர் பெயரைச் சொன்னாலும் கேட்காதீர்கள். லாரி லீஃப் ஸ்பிரிங்குக்குப் போடும் ‘என் 45’ எஃகில் மாங்கனீஸ் 0.7 முதல் 1 சதவீதம். சந்தையில் புரளும் போலி வாள்களில் பல அந்த மாதிரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. கரியின் அளவை மட்டும் இந்தக் கைக்கருவி காட்டாது. கரியை அளக்கும் பெரிய இயந்திரம் அலகில் காசளவு தீப்புள்ளி போட்டுவிடும், அதற்குச் சம்மதிக்காதீர்கள். சாணைக்கல்லில் பொறி பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

8. தடிமனை அளந்து பாருங்கள். வெர்னியர் வைத்துப் பிடியருகே, நடுவில், நுனிக்கு நான்கு விரல் முன்னால் என மூன்று இடம். கையால் அடித்த நல்ல போர்வாள் பிடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போகும்; கையில் எடுத்தால் எடை மணிக்கட்டுக்குத் திரும்பும். தகட்டில் வெட்டிய அலங்கார வாள் முழு நீளமும் ஒரே தடிமனாக இருக்கும். தூக்கினால் நுனி கீழே இழுக்கும்.

9. பொருத்திய இடத்தில்தான் பொய் வெளிவரும். தல்வார் என்ற வளைவாளின் பிடியில் அலகின் காம்பை உள்ளே விட்டு அரக்குக் கலவையால் இறுக்குவார்கள். பழைய அரக்கு கறுத்து, நொறுங்கும் பதத்தில், விளிம்பில் வெடிப்போடு இருக்கும். எம்-சீலோ அரால்டைட்டோ தெரிந்தால் அண்மையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய வாளையும் பழுது பார்ப்பார்கள் என்பதால் அது ஒன்றே குற்றமில்லை. ஆனால் அலகும் பிடியும் சேரும் இடத்தில் மின்பற்றவைப்பின் மணிமணியான தடம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆணி வைத்துத் தைத்த தென்னாட்டுப் பிடிகளில் ஆணித்தலையைப் பாருங்கள்: அடித்து மழுக்கிய தலையும் அதைச் சுற்றிய துருவும் ஒரே வயதில் இருக்க வேண்டும். ஆணிக்குப் பக்கத்தில் காலியான இன்னொரு துளை இருந்தால் மகிழுங்கள். இந்த அலகு முன்பு வேறொரு பிடியில் வாழ்ந்திருக்கிறது.

அமிலத்தில் முக்கித் துருவேற்றிய போலியில் குழிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். இயற்கைத் துரு அப்படிப் பரவாது. உறையின் வாய் உரசும் இடம், பிடியின் இடுக்கு, ஈரக் கை பட்ட இடம் என்று தேடிப்போய்த்தான் உட்காரும்.

சூடேற்றிப் பிடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது.

10. பிடியின் வடிவம் ஊரைச் சொல்லும். வயதை அவ்வளவாகச் சொல்லாது. நடுவில் உப்பி, தலையில் வட்டத் தட்டோடு இருப்பது தல்வார். முகலாயரோடும் நவாபுகளோடும் ஆற்காடு வரை வந்தது. அகன்ற தட்டுக் காப்பும் தலைக்கு மேல் நீண்ட முள்ளும் இருந்தால் மராத்தியர், தக்காணம். யாளி, மகரம் வாய் திறந்து அலகைக் கக்குவதுபோல் இருந்தால் விஜயநகரம் தொட்டு நாயக்கர் வரையிலான தென்னாட்டு மரபு. முதுகில் செருகிக்கொள்ளும் அகன்ற அரிவாள் வளைவு குடகு. காப்பே இல்லாமல் நீண்ட உருண்டைப் பிடி மட்டும் என்றால் பர்மா. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களும் 1960-களில் கப்பலில் வந்தவர்களும் வெறுங்கையோடுதான் வந்தார்கள் என்றாலும், ரங்கூன் நினைவாக அப்படியொன்று சில வீடுகளில் இருக்கிறது.

இந்த வடிவங்களை நூறு, இருநூறு வருடம் மாற்றாமல் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் ‘இது மராத்தியர் பிடி’ என்று உறுதியாகச் சொல்லலாம். ‘ஆகவே 1680’ என்று சொல்லக்கூடாது.

11. வாளோடு வரும் கதையைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டபொம்மன் வாள் என்று சொல்லி என்னிடம் காட்டப்பட்டவை எல்லாம் நிஜமாக இருந்தால் பாஞ்சாலங்குறிச்சியில் ஆள் நடக்க இடம் இருந்திருக்காது. 1799-இல் அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், தென்மாவட்டங்களில் ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். மிஞ்சியது மிகச் சொற்பம். திப்பு பெயர் இன்னும் ஆபத்து. 2023 மே மாதம் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் அவருடைய படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றிலிருந்து புலிக்கோடு போட்ட பிடி எல்லாம் திப்புவுடையது ஆகிவிட்டது.

நெளிநெளியான அலகு ஒன்றைக் காட்டி, ‘மணிலாவுக்குப் போன எங்கள் முன்னோர் கொண்டுவந்தது’ என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். 1762-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் சென்னைச் சிப்பாய்கள் போய், அந்த அக்டோபரில் மணிலாவைப் பிடித்தார்கள். 1764 வரை அங்கே இருந்தார்கள். சிலர் திரும்பாமல் கைந்தா என்ற ஊரில் குடும்பம் நடத்தினார்கள்; அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே உண்டு. கதை நடந்திருக்கக் கூடியதுதான். ஆனால் வாள் அதை மெய்ப்பிக்க வேண்டும். நெளி அலகு மலாயாவிலும் ஜாவாவிலும் உண்டு. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த தமிழர்களே அதிகம். பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில், சூலு, மிந்தனாவோ முஸ்லிம் மக்கள் செய்த கிரிஸ் என்றால் அது நீண்ட வெட்டுவாள். ஜாவாக் குத்துவாள் அதைவிடக் குட்டை. அந்த நீண்ட கிரிஸில் பிடிக்குக் கீழே அலகின் தோள்மேல் உட்காரும் குறுக்குத் துண்டைப் பாருங்கள். பழையவற்றில் அது தனியாக அடித்துப் பொருத்தியது. இணைப்புக் கோட்டில் நகத்தின் நுனி மாட்டும். 20ஆம் நூற்றாண்டில் செய்த பலவற்றில் அலகும் அதுவும் ஒரே துண்டு. கோடு மட்டும் ஒப்புக்குக் கீறியிருக்கும். கீறிய கோட்டோடு 1764-இல் யாரும் திரும்பி வந்திருக்க முடியாது. நெளிவின் எண்ணிக்கையை வைத்து வயது சொல்பவர்களை விட்டுத் தள்ளுங்கள்.

பிலிப்பைன்ஸ் வாள்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1899-க்குப் பிறகு அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துப்போய், எங்கே, எப்போது கிடைத்தது என்று சீட்டுக் கட்டி வைத்தார்கள். அந்தச் சீட்டுகளை அடுக்கித்தான் எந்த வடிவம் எப்போது இருந்தது என்ற வரிசை தெளிந்தது. நம் வீடுகளில் அந்தச் சீட்டு எழுதும் வழக்கம் இல்லாமல் போனது பெரிய குறை.

12. நமக்குச் சீட்டு இல்லை, கல் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவர் ஆட்சியாண்டு வெட்டியிருக்கிறது. கூடவே வீரன், கையில் வாள். அந்த ஆண்டில் அந்த ஊரில் வாள் எவ்வளவு குட்டையாக, எவ்வளவு அகலமாக இருந்தது என்று கண்ணால் பார்க்கலாம். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களில் 16ஆம் நூற்றாண்டின் வாளும் கட்டாரியும் கேடயமும் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. குதிரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்; குதிரைக் காலடியில் நிற்கும் காலாட்களின் கைகளைப் பாருங்கள்.

இன்னொரு கல்லெழுத்தும் உண்டு, எஃகின் மேல். 1689-இல் பீகானேர் மன்னர் அனூப் சிங் முகலாயருக்காக ஆதோனிக் கோட்டையைப் பிடித்தபோது கிடைத்த ஆயுதங்களில், புள்ளி புள்ளியாகக் குத்தி நாகரி எழுத்தில் கணக்குக் குறித்தார்கள். அந்தப் புள்ளி எழுத்து உண்மையாக இருந்தால், அந்த ஆயுதம் 1689-க்கு முன் தக்காணத்தில் இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். இந்த மாதிரி ஓர் உறுதியான ஆண்டு, பத்து அழகான யூகங்களைவிட மேல்.

13. மண்ணுக்கடியில் கிடைத்த வாள் வேறு உலகம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டிய இரும்பு வாள்கள் எழும்பூரில் இருக்கின்றன. தெலுங்கனூரில் கிடைத்த உயர்கரி எஃகு வாளுக்குக் கி.மு. 15 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் காலம் கணித்திருக்கிறார்கள். மாங்காட்டில் கிடைத்தது அதற்கும் சற்று முந்தியது. இது பூந்தமல்லிக்குப் பக்கத்து மாங்காடு இல்லை, மேட்டூர்ப் பக்கம். இப்படிப்பட்ட இரும்பு முழுக்கத் துருவாகவே மாறியிருக்கும்; தட்டினால் உதிரும். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தால் கழுவாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கடமை. அதைவிடப் பெரிய காரணம், எடுத்த இடத்தின் மண்ணும் பானையும் போனால் அந்த வாளின் வயதும் கூடவே போய்விடும்.

14. கோயில் வாளுக்கு விலை பேசாதீர்கள். கருப்பசாமி கையில் நிற்கும் அரிவாள், வீரபத்திரர் சன்னதி வாள் இவற்றில் பெரும்பாலானவை நேர்ந்துகொண்டு புதிதாகச் செலுத்தியவை. திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் இன்றும் அடிக்கிறார்கள். அவற்றில் சில உண்மையிலேயே பழையனவாக இருக்கலாம். பூசாரி அனுமதித்தால் தள்ளி நின்று பாருங்கள். படம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

15. சட்டம் சுருக்கமாக. நூறு வருடம் தாண்டியது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாட்டைவிட்டு வெளியே தனியார் அனுப்பக்கூடாது. வியாபாரமாக விற்க தொல்லியல் துறை உரிமம் வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட வாள் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலிலும் வருகிறது. அதனால் என்னிடமோ வேறு யாரிடமோ காட்டுவதற்காக வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறாதீர்கள். படம் போதும்: இருபுறமும் முழு நீளம், பிடி நான்கு பக்கம், முத்திரை, முதுகு, பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஃபிளாஷ் இல்லாமல்.

16. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகமும் அப்படியே. இங்கிருந்து சென்ட்ரலுக்கு லோக்கலில் போய்விடலாம். ஒரே நாளில் கூடம் முழுக்கச் சுற்றாதீர்கள். ஒரு வாளின் முன் நின்று, அதைப் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் கண் பிடியின் வளைவு எங்கே தொடங்குகிறது, பள்ளம் எங்கே நிற்கிறது என்று கேட்கத் தொடங்கும். பத்மநாபபுரம் அரண்மனையும் ராமநாதபுரம் ராமலிங்க விலாசமும் பிறகு. ராமநாதபுரத்தில் எறிந்து தாக்கும் வளரியும் இருக்கிறது.

17. கடைசியாக, எழுதும் முறை. ஒரு நோட்டில் மூன்று பத்தி கிழித்துக்கொள்ளுங்கள்: கண்ணால் கண்டது, அளந்தது, நினைப்பது. மூன்றாவதை முதல் இரண்டோடு கலக்காதீர்கள். முடித்து எழுதும் சீட்டு இப்படி இருக்கட்டும்: ‘அலகு: நேரானது, இருபுறம் கூர், மூன்று குறும்பள்ளங்கள், ஒரு பக்கம் ஓநாய் முத்திரை, சோலிங்கன் வேலையாக இருக்கலாம், 17ஆம் நூற்றாண்டு. பிடி: இரும்பு, யாளித் தலை, ஆணி வைத்துத் தைத்தது, தமிழகம், 17 அல்லது 18ஆம் நூற்றாண்டு. காலியான பழைய துளை ஒன்று, ஆகவே மறுபிடி. உறை: இல்லை. குடும்பத்தார் சொன்னது: கொள்ளுத்தாத்தா கும்பகோணத்தில் வாங்கினார், சான்று இல்லை.’ கீழே தேதி, பார்த்தவர் பெயர். இரண்டு படி எழுதி, ஒன்றை வாளின் சொந்தக்காரரிடம் கொடுங்கள். உறைக்குள் செருகாமல், பத்திரம் வைக்கிற பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.